சாப்பாட்டு நேரத்தில் விற்ற ஃபில்டர்

"இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டால் அக்காவுக்குப் பிடிக்காது. பழைய ஆயில் ஃபில்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவந்து, சொட்டச் சொட்ட, அவள் துடைத்துவைத்த கவுண்டர் மேலேயே வைத்துவிட்டு அப்படிக் கேட்டால் சுத்தமாகப் பிடிக்காது.

"எந்த மாதிரி?"

"இதே மாதிரிதான்க்கா. கண்ணு முன்னாலதானே இருக்கு."

"கண்ணு முன்னால டப்பா இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எந்த வண்டி? எந்த வருஷத்து எஞ்சின்? ஃபில்டர் தொங்கிக்கிட்டு இருக்கா, படுத்துக் கிடக்கா, கவுந்து உக்காந்திருக்கா?"

"ஒரு ஃபில்டர் வாங்க வந்தேன்க்கா. என்னமோ உங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்த மாதிரி விசாரிக்கிறீங்க."

"பொண்ணா இருந்தா யோசிக்காமக் குடுத்துடுவேன். போய் எஞ்சின் நம்பரைப் பாத்துட்டு வா."

அந்த ஒர்க் ஷாப் தெருவில் அவளுக்கு 'ஹேண்ட் பிரேக்' என்று பெயர். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்தைச் சட்டென்று இழுத்து நிறுத்திவிடுவாளாம். பெயரை வைத்தவன் ஒரு லாரி மெக்கானிக். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவனுக்கும் கிடையாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். அவள் பெரிய மனது பண்ணியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கடை சித்தப்பாவுடையது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, "ஆள் கிடைக்கிற வரைக்கும் கவுண்டர்ல உக்காரும்மா" என்று அவளைக் கூப்பிட்டார். ஆள் கிடைக்கவில்லை, அவர் தேடவும் இல்லை. நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, அது முடிந்தும் போனது. மறுபடி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏன், என்ன ஆச்சு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வேலை மந்தமான மத்தியானங்களில், கழித்துப்போட்ட ஃபில்டர்களைக் கடைக்குப் பின்னால் இடுக்கியில் இறுக்கி, இரும்பு ரம்பத்தால் அறுத்துப் பார்ப்பாள். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், ஒரு ஸ்பிரிங், சிலவற்றில் வட்டமாக ஒரு ரப்பர். வெளியே இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கிற டப்பாக்கள் உள்ளே ஒன்றுக்கொன்று தூரத்து உறவுகூட இல்லை என்று அப்படித்தான் தெரிந்துகொண்டாள். 'வயித்தைக் கிழிச்சு வைத்தியம் பாக்குறாங்க' என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும்.

சித்தப்பா வேறு மாதிரி. யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. வந்தவர் கொண்டுவந்த பழைய ஃபில்டரையும் அலமாரியில் இருக்கும் புதியதையும் வாயோடு வாய் வைத்துப் பார்ப்பார். வாயோரத்து ரப்பர் வளையம் வளையத்தோடு பொருந்தினால், மரை மரையோடு ஒத்துப்போனால், "பேஷா இருக்கு, கொண்டு போங்க" என்பார். தெருவுக்கே அவர் நல்ல மனுஷன்.

ஒரு மத்தியானம் தம்பி கடைப் படியேறி வந்தான். சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிகளிலும் தங்கும் விடுதிகளிலும் அழுக்குப் போர்வைகளை மூட்டை கட்டி எடுத்துவந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. கம்பெனிச் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான். உள்பனியனோடு தெருவில் நடந்து வருகிறவன் இல்லை அவன்.

"என்னடா இது கோலம்?"

"இனிமே வர வேணாமாம்."

நேற்று நடுரோட்டில் வேன் நின்றுபோனதும், எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். காலையில் கம்பெனி முற்றத்தில் நடந்ததுதான் தெரியாது. மேலாளர் எல்லா டிரைவர்களையும் வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் நடுவில் இவனை நிறுத்தி, "டேஷ்போர்டுல ஆயில் விளக்கு எரிஞ்சும் ஓட்டியிருக்கான். கண்ணு தெரியாதவன்லாம் ஸ்டியரிங் புடிக்க வந்துட்டான்" என்று சொல்லியிருக்கிறார். எஞ்சினைக் கொன்றவன் என்று ஒரு டிரைவருக்குப் பெயர் வந்துவிட்டால் அந்த ஊரில் வேறெந்தக் கம்பெனியும் சாவியைக் கையில் கொடுக்காது. அது தம்பிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"விளக்கு எரிஞ்சுதா இல்லையா? உண்மையச் சொல்லு."

"எரிஞ்சுது. உடனே ஓரம் கட்டினேன். கட்டி முடிக்கறதுக்குள்ள பிடிச்சுக்கிச்சு."

"அதுக்கு முன்னாடி ஒரு அறிகுறியும் இல்லையா? எஞ்சின் என்ன, சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு விருந்தாளியா?"

தம்பி தரையைப் பார்த்தான். "காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் ஒரு சத்தம் வரும். தகர டப்பால கூழாங்கல்லைப் போட்டு உலுக்கற மாதிரி. விளக்கும் உடனே அணையாது. அப்புறம் எல்லாம் சரியாயிடும். மாப்பிள்ளை கிட்ட சொன்னேன்."

மாப்பிள்ளை என்பது சலவைக் கம்பெனியின் மெக்கானிக். எவ்வளவு வேலை செய்தாலும் சட்டையில் ஒரு கறை படாது என்பதால் வந்த பெயர். வேலை செய்தால்தானே படும் என்று அக்கா சொல்வாள்.

"அந்த ஆள் என்ன சொன்னான்?"

"'நீ காலைல எந்திரிச்சா இருமறதில்லையா? வண்டியும் இருமும்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லத் தோணலையா? ஒரே வீட்ல இருக்கோம், ஒரே பாத்திரத்துல சோறு போட்டுத் திங்கறோம்!"

"சொன்னா நீ திட்டுவக்கா."

"நான் எதுக்குடா திட்டப் போறேன்!" என்று அவள் கத்திய கத்தலில், எதிர்க் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த பஞ்சர்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கடையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அவள் நேராகச் சலவைக் கம்பெனிக்குப் போனாள். பின்பக்கத்து ஷெட்டில் தம்பியின் வேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கழற்றிய பேரிங்குகள் ஒரு தட்டில் கிடந்தன. வழவழப்பாக இருக்க வேண்டிய முகங்கள் சுரண்டிய சட்டி மாதிரி இருந்தன. ஒரு நாள் உரசலில் வந்த காயம் இல்லை இது. தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

"வாங்கக்கா" என்றார் மாப்பிள்ளை. "தம்பிக்காகப் பேச வந்தீங்களா? நான் என்ன செய்யறது, மேலாளர் முடிவு."

"இந்த எஞ்சின்ல இருந்த ஃபில்டர் எங்க?"

"அது நல்ல ஃபில்டர். புதுசு."

"எங்கன்னு கேட்டேன்."

அவர் கழிவுத் தகரத்தைக் காலால் நகர்த்திக் காட்டினார். அவள் குனிந்து எடுத்தாள். துணியால் வாயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் மரை போட்ட பெரிய துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளுக்கு அடியில் ரப்பர் தெரிய வேண்டும். விரல்நுனியால் அழுத்தினால் மெத்தென்று கொடுக்க வேண்டும். இதில் இருட்டுதான் தெரிந்தது. ஒரு கம்பியை விட்டாள். தடங்கல் இல்லாமல் உள்ளே போனது.

"ரப்பர் எங்க?"

"என்ன ரப்பர்?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பக்கத்தில் அவர் டீ குடித்துவைத்த டம்ளர் இருந்தது. மிச்ச டீயோடு அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சில வண்டில ஃபில்டர் இப்படி நிமிந்து தொங்கும். ராத்திரி முழுக்க நின்னாலும் ஆயில் உள்ளயே இருக்கும். உங்க வேன்ல எப்படி உக்காந்திருக்கு?" டம்ளரைக் கவிழ்த்தாள். டீ தரையில் கொட்டி, முதன்முறையாக மாப்பிள்ளையின் கால்சட்டையில் தெறித்தது. "இப்படி! உள்ள இருக்கற ஆயில் கீழ ஓடாம அந்த ரப்பர்தான் மூடி வைக்கணும். அது இல்லாட்டி வண்டி நின்ன கொஞ்ச நேரத்துல ஃபில்டர் காலி. காலைல சாவி போட்டா முதல்ல டப்பா நிறையணும், அப்புறம்தான் எஞ்சினுக்கு ஆயில். அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் வறட்டு உரசல். அதைத்தான் என் தம்பி உங்ககிட்ட வந்து சொன்னான். நீங்க இருமல்னு சொல்லிச் சிரிச்சீங்க."

மாப்பிள்ளை கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "மரை ஏறுச்சு. வளையம் உக்காந்துச்சு. ஒரு சொட்டு ஒழுகல. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்?"

"எந்தக் கடைக்காரன் குடுத்தான் இதை? அவனை முதல்ல..."

"உங்க கடைதான்க்கா."

அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கடை அலமாரியில் கீழ்த் தட்டில் இருக்கிற அதே டப்பா. தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களுக்கென்று வாங்கி வைத்தது. அவற்றில் ஃபில்டர் நிமிர்ந்து தொங்கும், ரப்பர் தேவையில்லை.

"நான் குடுக்கலயே."

"நீங்க குடுக்கல." மாப்பிள்ளை சிரித்தார். திட்டு வாங்கியதற்குப் பதில் கொடுக்கக் கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது. "நீங்க இருக்கும்போது யாருக்கா வருவா? நீங்க சாப்பிடப் போயிட்டீங்களான்னு பாத்துட்டுத்தான் வருவோம். நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவுல பாதிப் பேரு. எப்போ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு உள்ள போறீங்கன்னு பஞ்சர் கடைல நின்னு பாப்பாங்க. சித்தப்பா ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. கேட்டதைக் குடுப்பாரு."

ஃபில்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் ஒவ்வொரு ஒர்க் ஷாப்பாகத் தாண்டும்போது ஒவ்வொருவரையும் முறைத்தாள். இவன் வருவானா? அவன்? போன வாரம் "சாப்பிட்டாச்சாக்கா, நேரமாச்சே" என்று அக்கறையாகக் கேட்டானே அந்த ஆட்டோ மெக்கானிக், அவனுமா? இத்தனை வருஷம் கேள்வி கேட்டுக் கேட்டு யாரைக் காப்பாற்றியிருக்கிறாள்? அவளுக்குப் பயந்தவர்கள் எல்லாரும் பின்வாசல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடைசியில் அது தன் வீட்டுப் பிள்ளை தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது.

சித்தப்பா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஃபில்டரைப் பார்த்தார்.

"இதுவா? ஆமா, நான்தான் குடுத்தேன். உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு நீ ஆஸ்பத்திரில இருந்தியே, அப்போ. அவங்க வேனுக்கு உரியது தீந்துபோச்சு. அந்த ஆள் பழசைக் கொண்டுவந்தான், இதை வெச்சுப் பாத்தேன், வாயோட வாய் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவன் இதையே சாம்பிளா கொண்டுவந்தான். நானும் இதையே குடுத்தேன்."

"ஆக, முதல்ல தப்பா ஒண்ணைக் குடுத்தீங்க. அப்புறம் அந்தத் தப்பைக் கொண்டுவந்து காட்டி, இதே மாதிரி தப்பு இன்னொண்ணு குடுங்கன்னான். நீங்க அளவு பாத்துக் குடுத்துட்டீங்க. அவங்க எல்லா வேன்லயும் இதுதானா?"

சித்தப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே சித்தப்பா! ஆஸ்பத்திரி வராந்தால சும்மாதானே உக்காந்திருந்தேன்!"

"பண்ணியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புங்கன்னு என் மேலதான் விழுந்திருப்ப. எனக்கும் வயசாகுதும்மா, உன்கிட்டப் பேச்சு வாங்க முடியல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நடந்தது நடந்துபோச்சு. மத்த வேனுக்கெல்லாம் நான் சத்தமில்லாம சரியானதைக் குடுத்து மாத்தச் சொல்லிடறேன். தம்பியக் கடைக்கு வரச் சொல்லு, நான் வேலை குடுக்கறேன். வெளில தெரிஞ்சா கடை பேரே போயிடும். நீயும் நானும் இதை வெச்சுத்தானே சாப்பிடறோம்."

"கடை பேரு போகக் கூடாது. அவன் பேரு போகலாம்."

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்றீங்க. அவன் சின்னப் பையனா இருந்தப்போ தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச நீங்களே அதைச் சொல்றீங்க. கண்ணு தெரியாதவன்னு பட்டம் கட்டி அவனை அனுப்பியிருக்காங்க சித்தப்பா! நம்ம கடை மூலைல ஒரு ஸ்டூலைப் போட்டு அதை மூடிட முடியுமா?"

சித்தப்பா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே துடைத்த கவுண்டர். அவள் மேல் தட்டிலிருந்து சரியான ஃபில்டர் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம், வேன்கள் சுற்று முடித்துத் திரும்பிய நேரத்தில், தம்பியோடு போய்க் கம்பெனி வாசலில் 'பொட்டல'த்தைப் பிடித்தாள். எந்நேரமும் ஏதாவது ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருக்கும் டிரைவர், தம்பியின் சிநேகிதன். விஷயத்தைச் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"என் வண்டியும்தான்க்கா இருமுது."

"இருமுதுன்னு சொல்லாத!"

"சரி, சரி. சத்தம் போடுது. என்ன செய்யணும்?"

ஓரமாக நிறுத்தி அவன் வேனுக்கு மட்டும் ஃபில்டரை மாற்றினார்கள். தம்பிதான் கழற்றி மாட்டினான். ஆயிலை நிரப்பி, எஞ்சினை ஒரு தரம் ஓட்டி அணைத்தான். அவள் மாப்பிள்ளையை, மேலாளரை, தெருவை, சித்தப்பாவை, தம்பியின் ஊமைத்தனத்தை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டே டார்ச் பிடித்தாள்.

"லைட்டை ஆட்டாதக்கா" என்றான் தம்பி.

மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் எல்லாரும் இருந்தார்கள். வெளுத்த போர்வைக் கட்டுகள் வாசலில் அடுக்கியிருந்தன. தம்பியோடு வந்து நின்ற இவளைப் பார்த்ததும் மேலாளர் முகத்தைச் சுளித்தார். நேரத்துக்கு வண்டிகள் கிளம்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டுக் கத்துவார்கள்.

"உங்க தம்பி விஷயம் முடிஞ்சுபோச்சும்மா. இங்க வந்து சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல."

"சண்டை போட வரல. ரெண்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. உங்க காதால கேளுங்க. அவ்வளவுதான்."

"எனக்கு நேரமில்ல."

"எஞ்சின் மாத்த நேரமிருக்கா? இன்னும் எத்தனை மாத்தப் போறீங்க? நேரத்தை இப்பவே ஒதுக்கி வெச்சுக்குங்க."

டிரைவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பொட்டலம் யாரையும் கேட்காமல் தன் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் எழுந்தது, ஆயில் விளக்கு உடனே அணைந்தது, ஒரு முனகல் இல்லை. "அடுத்தது" என்றாள் அவள். அடுத்த வேன் எழுந்ததும் தகரத்தில் கல் உருண்டது. கடகடவென்று முற்றமே அதிர்ந்தது; விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது, மேலாளர் குனிந்து பார்க்கும் வரை எரிந்து, பிறகு அணைந்தது. சத்தமும் நின்றது.

"இதுதான் அவன் சொன்ன சத்தம். எல்லா வேன்லயும் வருது. இவங்க எல்லாரும் கண்ணு தெரியாதவங்களா?"

"பழைய வண்டி, சத்தம் வரத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப கழட்டுங்க. இன்னும் ஸ்டார்ட் பண்ணாத வண்டில நீங்களே கழட்டுங்க. நான் தொட்டா ஏதோ மாயம் பண்ணினேன்னு சொல்லுவீங்க."

மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை. கறைபடாத கைகளால் மூன்றாவது வேனின் ஃபில்டரைச் சுற்றிப் பட்டையை இறுக்கித் திருகினார். ஃபில்டர் கழன்று கைக்கு வந்தது. ரெண்டு சொட்டு விழுந்தது. அதோடு சரி. அவர் கையில் அது காலி டப்பாவாக இருந்தது. அந்த இலேசு அவர் முகத்திலேயே தெரிந்தது. மேலாளர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அக்கா தன் கையிலிருந்த கம்பியை அதன் துளையில் விட்டுக் காட்டினாள்.

"ராத்திரி பூரா இப்படிக் காலியாத்தான் நிக்குது. தினமும் காலைல வறட்டு எஞ்சினை ஓட்டியிருக்காங்க. இவன் வண்டி முதல்ல போச்சு, ஏன்னா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா எல்லாரையும் விட அதிக தடவை நிறுத்தி, மூட்டை ஏத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்றவன் இவன்தான். அடுத்தது யாரோ."

டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எந்தக் கடைல வாங்கினது இது?" என்று மேலாளர் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"எங்க கடைல" என்றாள் அவள். "எங்க சித்தப்பா குடுத்தாரு. வேற எஞ்சினுக்கு உரிய ஃபில்டர். நல்ல ஃபில்டர்தான், இடம்தான் தப்பு. உங்க ஆள் எந்த வண்டிக்குன்னு சொல்லல, எங்க ஆள் கேக்கல."

"அப்போ எங்க எஞ்சினைக் கெடுத்தது நீங்க."

"ஆமா. எங்க கடையும் உங்க ஒர்க் ஷாப்பும். என் தம்பி இல்ல."

மேலாளர் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். போர்வைக் கட்டுகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "சரி, சரி. உன் தம்பிய நாளைலேந்து வரச் சொல்லு. இதோட விட்டுடுவோம்" என்றார். சொல்லிவிட்டு அலுவலக அறைப் பக்கம் திரும்பினார்.

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது.

"இங்கயே சொல்லுங்க சார்."

தம்பி. அவன் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று அவளுக்கே தெரியாது.

"அதான் வரச் சொல்லிட்டேனே."

"வரச் சொன்னது அக்கா கிட்ட. என்னைக் கண்ணு தெரியாதவன்னு சொன்னது இங்க நின்னு, இவங்க எல்லார் முன்னாடியும். அதே இடத்துல நின்னு சொல்லுங்க. தப்பு என் மேல இல்லன்னு சொல்லுங்க."

"என்னப்பா, சின்னக் குழந்தை மாதிரி..."

"சொல்லாம இங்கருந்து ஒரு வண்டியும் போகாது." அவன் நடந்து போய் வாசலுக்கு நடுவில் நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டான். "நான் சத்தம் வருதுன்னு சொன்னப்போ எல்லாரும் சிரிச்சீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். வண்டி நின்னப்போ திட்டினீங்க. அப்பவும் மூடிக்கிட்டேன். இப்ப மூட முடியாது சார்."

அக்காவுக்கு நாக்கு நுனி வரை ஆயிரம் வார்த்தை வந்தது. மேலாளரைச் சந்து பொந்தெல்லாம் இழுத்து விளாசும் அளவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் அவள் செய்த வேலைகளில் கஷ்டமானது அதுவாகத்தான் இருக்கும். பொட்டலம் வேனிலிருந்து இறங்கித் தம்பி பக்கத்தில் போய் நின்றான். இன்னொரு டிரைவர் எஞ்சினை அணைத்தான்.

மேலாளர் முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றான் தம்பி.

"எஞ்சின் போனதுக்கு டிரைவர் காரணமில்ல!" என்று மேலாளர் கத்தினார். "அவன் மேல தப்பில்ல. நான் சொன்னது தப்பு. போதுமா?"

"போதும்" என்றான் தம்பி. வாசலை விட்டு நகர்ந்தான். யாரும் கை தட்டவில்லை. ஒரு டிரைவர் மட்டும் வந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுப் போனான்.

மேலாளர் அவளிடம் திரும்பினார். கோபம் தணியவில்லை, ஆனால் வேலை அதைவிட முன்னால் நின்றது. "சரியான ஃபில்டர் போடாம மத்த வண்டிய எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாது."

"இப்பவே எத்தனை கிடைக்கும்? இன்னிக்கு மட்டும்தான். நாளைலேந்து நாங்க வேற கடை பாத்துக்கறோம்."

"தாராளமாப் பாருங்க. கேள்வி கேக்கற கடையாப் பாருங்க."

அப்போது அவள் போன் அடித்தது. சித்தப்பா. கையெல்லாம் ஆயில்; தம்பியிடம் காட்டினாள், அவன் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"சொல்லிட்டியா?" என்றார் சித்தப்பா.

"சொல்லிட்டேன்."

"நம்ம கடைன்னும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறக்கிற சத்தம்.

"அப்ப அவங்க மத்த வேனுக்கு இப்ப ஃபில்டர் வேணுமே" என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "மேல் தட்டா, நடுத் தட்டா? நானே எடுத்துட்டு வந்துடறேன்."

"எதையும் தொடாதீங்க!" என்று அவள் கத்தியதில் தம்பி போனைக் காதிலிருந்து விலக்கினான். "ஒண்ணையும் தொடாதீங்க சித்தப்பா, அப்படியே உக்காருங்க. நான் வந்து எடுக்கறேன்."